இலை போட்டாயிற்று, ஆளைக் காணோம்!

கல்யாண வீட்டுப் பந்தியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! கூடத்தில் இருநூறு இலைக்குத்தான் இடம். முன்பின் தெரியாத ஒரு பையன் வாசலில் வந்து நின்று, "எங்கள் வீட்டார் இருபது பேர் பின்னால் வருகிறார்கள். இலை போட்டு வையுங்கள்" என்கிறான். யார், எந்த ஊர் என்று கேட்காமல் பரிமாறுகிறவரும் இருபது இலையைப் போட்டுவிடுகிறார். பிறகு இன்னொரு பையன். இன்னும் இருபது இலை. பத்தே பையன்களில் கூடம் நிறைந்துவிட்டது. சாப்பிட ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளையின் சொந்த அத்தையோ இடமில்லாமல் வாசலில் நிற்கிறாள்!

ஒரு கரண்டிகூடத் திருட்டுப் போகவில்லை. ஆனாலும் விருந்து கெட்டுப் போயிற்று அல்லவா?

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மேஜையில் எழுதிய கணக்கை இன்னொரு மேஜையில் திறந்து பார்க்கிறோமே, அதற்கு உதவுவது எஸ்.எம்.பி. என்ற ஏற்பாடு. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற விஷமம் இதிலிருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை ஆராய்ந்துகொண்டிருந்த இரண்டு அமெரிக்க நிபுணர்கள், பக்கத்திலேயே வேறொரு பலவீனத்தையும் கண்டார்கள்.

அது என்ன? பேச வருகிற கம்ப்யூட்டர் முதலில், "நான் இவ்வளவு பெரிய சேதி அனுப்பப் போகிறேன்" என்று நாலே பைட்டில் ஒரு சீட்டு நீட்டும். உடனே சர்வர், பெயரும் கடவுச்சொல்லும் கேட்பதற்கு முன்பே, 128 கிலோபைட் வரை நினைவிடத்தை ஒதுக்கிவிடும். வந்தவனோ வாயைத் திறக்கமாட்டான். ஒரே முகவரியிலிருந்து 65,535 இணைப்புகள் வரை இப்படி வரலாம். கூட்டிப் பாருங்கள்: சுமார் 8 ஜிகாபைட்! பெரிய சர்வரும் திக்குமுக்காடி நின்றுவிடும். உள்ளங்கையளவு கம்ப்யூட்டரும் சுமார் இருபது வரி நிரலுமே இதற்குப் போதும்.

இதற்கு 'எஸ்.எம்.பி.லோரிஸ்' என்று பெயர் வைத்தார்கள். லோரிஸ் என்றால் நம் தேவாங்குதான். அசையாமல் உட்கார்ந்தே காரியத்தைக் கெடுப்பதால் பொருத்தமான பெயர்!

விண்டோஸைச் செய்யும் மைக்ரோஸாப்ட், இது அவ்வளவு பெரிய ஆபத்தல்ல, வெளியிலிருந்து வரும் வழியை அடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் 'ஸாம்பா'வில், ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வரம்பு கட்டுவது பரிகாரமாயிற்று.

"இது ஆபீஸ்காரர்கள் கவலை, நமக்கென்ன?" என்கிறீர்களா? குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களையெல்லாம் வைஃபையோடு இணைத்த பெட்டியில் சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவற்றில் பல பெட்டிகளுக்குள் ஓடுவது ஸாம்பாதான். பயப்படாதீர்கள், இந்தத் தாக்குதல் படங்களை அழிப்பதில்லை. அவசர சமயத்தில் கதவைத் திறக்கவிடாது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது நோயாளியின் ரிப்போர்ட் என்றால், காத்திருப்பதே ஆபத்தாகிவிடும்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "445-ஆம் எண் கதவு வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா?" என்று கேட்டு, திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். பெட்டிக்கு வரும் புதுப்பிப்புகளை ஒத்திப் போடாதீர்கள். படங்களுக்கு இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும்.

வந்தவரை உபசரிப்பது நம் வழக்கம்தான். ஆனால் இலை போடுமுன், "யார் வீட்டுப் பிள்ளையப்பா நீ?" என்று நம் பாட்டிமார் கேட்காமல் விட்டதுண்டோ?