வேங்கைவயல் தொட்டியும் உயிரியல் வகுப்பும்

உயர்நிலைப் பள்ளி உயிரியலைச் சிக்கல்வழிக் கற்றல் முறையில், டிஜிட்டல் கருவிகளின் துணையோடு கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு கல்வியாளர்களிடையே எழுகிறது. 1960களின் இறுதியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியில் உருவான முறை இது. முதலில் ஒரு சிக்கலை முன்வைத்து, அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தை மாணவரே தேடச் செய்வது. மனப்பாடத்தையே அறிவென்று மதிப்பிடும் நம் வகுப்பறைகளுக்கு இது தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. வகுப்பில் வைக்கப்படும் சிக்கல் யாருடையது என்பதே நம் கேள்வி.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடும்பங்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது வெளிப்பட்டது. இதைப் பத்தாம் வகுப்புக் குழு ஒன்றிடம் ஒப்படைத்துப் பாருங்கள். எந்த வீட்டில், யாருக்கு, என்றைக்கு நோய் தொடங்கியது என்று கைப்பேசியில் அட்டவணையிட்டு வரைபடத்தில் குறித்தாலே, நோய்க்கும் தொட்டிக்குமான தொடர்பு புலப்படத் தொடங்கும். மலக்கிருமி கலந்த நீரை ஓரிரு நாளில் கறுப்பாக்கிக் காட்டும் எளிய சோதனைக் குப்பிகள் உண்டு. அவற்றைப் படமெடுத்து ஒப்பிடலாம். பிறகு மரபியலுக்கு வரலாம். இவ்வழக்கில் நீதிமன்ற அனுமதியோடு டி.என்.ஏ. பரிசோதனைகள் நடந்தன. மாதிரியில் இருப்பது யாருடைய டி.என்.ஏ. என்பதை அறிவியல் சொல்லக்கூடும். மலத்தைக் கொண்டுவந்து போட்டவர் யார் என்பதை அது தானாகச் சொல்லிவிடாது. இவ்வேறுபாடு வழக்குரைஞர்களுக்கே பல நேரம் பிடிபடுவதில்லை. பதினைந்து வயதில் அதை விளங்கிக்கொண்ட மாணவர், 2025 சனவரியில் அவ்வூர்த் தலித்துகள் மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த செய்தியைப் படித்ததும், சான்று என்னவென்று கேட்பார்.

ஆனால், பாடத்தின் பெயரால் தலித் குழந்தையைக் காட்சிப்பொருளாக்கும் ஆசிரியரிடம் இம்முறை ஆபத்தானது. அதற்குரிய பயிற்சியில்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

கருவியின் கதையும் இதுதான். குழுவுக்கு ஒரே கைப்பேசி என்றால், அதன் உரிமையாளரே ஆய்வாளர் ஆகிறார். சேரிப் பிள்ளை தண்ணீர் மொண்டு வருகிறார். பாடநூலில் அச்சிட்ட க்யூ.ஆர். குறியீடு கைப்பேசி இல்லாத வீட்டில் வெறும் கட்டம்.

சட்டமும் இங்கேதான் கைவிடுகிறது. அரசமைப்பின் 21ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகின்றன. நாம் பேசும் உயிரியல் வகுப்போ ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இருக்கிறது. இணைய அணுகலைக் கல்வி உரிமையின் பகுதியாக 2019இல் ஏற்ற கேரள உயர் நீதிமன்றத்தின் ஃபஹீமா ஷிரின் தீர்ப்பு நமக்குள்ள ஒரு பிடிமானம். தமிழ்நாட்டில் பட்டியலின, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்ட நிதிக்கென 2024இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை நேரக் கணினி அறைகளையும் நீர்ச் சோதனைக் கருவிகளையும் அந்நிதியிலிருந்து கேட்டு, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே மாணவர் அமைப்புகள் மாவட்டந்தோறும் மனு அளிக்க வேண்டும்.