கும்மட்டம் காட்டினார், தீர்ப்பைக் காட்டவில்லை!

தாம்பரத்திலே மின்தொடர்வண்டி ஏறினோம். கோட்டை நிலையத்தில் இறங்கினோம். உயர்நீதிமன்ற வட்டாரத்தின் வரலாற்றை மாலை வேளையில் நடந்தபடியே கூறுகிறோம், வாருங்கள் என்று அழைத்திருந்தனர். அழைத்தவர் யார் என்பது இங்கு வேண்டா. குறை அவரிடத்தில் அல்ல, அவர் சுமந்து வந்த கதையிலே இருக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் இளைஞர் அறுவர் நம்முடன் வந்தனர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு, வரலாறு அறியும் வேட்கையோடு வந்த பிள்ளைகள்!

வழிகாட்டி நல்லவர், சொல்வன்மை உள்ளவர். செந்நிற மாளிகையைச் சுட்டிக் காட்டினார். 1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் திறக்கப்பட்டது என்றார். பிராசிங்டன் தொடங்க, ஹென்றி இர்வின் முடித்தார் என்றார். கும்மட்டத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை எரிந்த கலங்கரை விளக்கைப் பற்றிக் கவிஞர் போலவே பேசினார். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் வீசிய குண்டைப் பற்றிய கல்வெட்டின் முன்னே கால் மணி நேரம்! சட்டக் கல்லூரிப் பக்கம் வந்ததும், அங்கே துயிலும் எலிகு யேல் என்னும் ஆளுநரின் மகனுடைய கல்லறைக்காகக் கனிந்து உருகினார். அந்த யேல் காலத்தில் இதே கடற்கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனரே, அவர் பெயர் தாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகமே அடிமைத்தனத்தோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் வருத்தம் தெரிவித்ததே, அந்த ஏழைகளுக்குக் கல்லறை எங்கே என்று நம் இளைஞர் ஒருவர் மெல்லக் கேட்டார். வழிகாட்டி புன்னகை பூத்தார், நகர்ந்தார்.

மனுநீதிச் சோழன் சிலையைப் பற்றியும் சொன்னார். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட கதை. அந்தச் சோழன் வேறு, சட்டம் எழுதிய மனு வேறு என்பதை நாம் அறியாதவரல்லர். ஆனால் நீதிக்கு அடையாளம் தேடப் போனவர்கள், குற்றவாளியை விசாரிக்காமலே கொன்ற தகப்பனிடத்தில் போய் நின்றார்களே, அதை நினைத்துத்தான் சிரித்தோம்.

இவை கிடக்கட்டும். கல்லைக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார். அந்தக் கல்லுக்குள்ளே உட்கார்ந்து மனிதர் மனிதருக்கு என்ன செய்தனர் என்பதை ஏன் காட்டவில்லை? நமது வழக்கு இதுதான்.

நம்முடன் வந்த சேலையூர் இளைஞரின் பாட்டனும் பாட்டியும் 1950இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். புரோகிதர் இல்லை, புகை இல்லை, புரியாத மந்திரம் இல்லை. நண்பர்கள் சூழ, மாலை மாற்றிக் கொண்டனர். மனைவி என்றார், கணவர் என்றார். மூன்றே ஆண்டுகள்! 1953இல், தெய்வானை ஆச்சி வழக்கிலே, இதே உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சடங்கு இல்லை, ஆகவே சட்டப்படி திருமணமும் இல்லை! ஒரே தீர்ப்பில் எத்தனை ஆயிரம் மனைவியர் மனைவியர் அல்லாதவராயினர்! எத்தனை குழந்தைகள் தகப்பன் பெயருக்கு உரிமையற்றவராயினர்! வாழ்ந்தது பொய்யா? பெற்றது பொய்யா? அந்தப் பாட்டி 1967 வரை காத்திருந்தார். அந்த ஆண்டு அண்ணாவின் ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. நடந்துவிட்ட திருமணங்களும் செல்லும் என்றது.

அதோடு முடிந்ததா? இல்லை. வீட்டாரின் சாதிவெறிக்கு அஞ்சி ஓடிவரும் இணையர் இன்றும் ஏறுவது தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் உள்ள வழக்கறிஞர் அறைகளின் குறுகிய மாடிப்படிகளில்தான். அங்கே இரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014இல் உயர்நீதிமன்றம் கூறியது. ஊரைக் கூட்டி மணந்தால் உயிர் போகும். மறைவாக மணந்தால் மணமே போகும்! 2023 ஆகஸ்டில்தான் உச்சநீதிமன்றம் அதைத் தவறென்றது. வழக்கறிஞரும் நண்பராக நின்று நடத்தி வைக்கலாம் என்றது. அந்த மாடிப்படிகளின் பக்கம் நமது நடை திரும்பவே இல்லை. தெருமுனையோடு திரும்பிவிட்டோம், அழகான தூண்கள் அங்கே இல்லையாம்.

வகுப்புவாரி உரிமை ஆணை 1950 ஜூலையில் வீழ்த்தப்பட்டதும் இதே மாளிகையில்தான். செண்பகம் துரைராசன் வழக்கு என்பர். மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டது என்று வழக்கிட்ட அம்மையார், அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. பொறியியல் மாணவர் சார்பில் வாதாடியவர் யார்? அரசியலமைப்பு வரைவுக் குழுவிலேயே அமர்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர்! உச்சநீதிமன்றமும் 1951 ஏப்ரலில் அதே முடிவைச் சொல்ல, தமிழகம் கொதித்தெழ, அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இந்தியா முழுதும் பிற்படுத்தப்பட்ட பிள்ளை ஒருவர் கல்லூரி வாயிலில் காலடி வைக்கும்போது, அந்த அடியில் இந்த வட்டாரத்தின் வரலாறு இருக்கிறது. எம்டனுக்குக் கால் மணி. இதற்கு ஒரு மணித்துளியும் இல்லை!

முத்துசாமி அய்யர் சிலையைப் பற்றிப் பரிவோடு பேசினார். தெருவிளக்கில் படித்தவர், முதல் இந்திய நீதிபதி. பேசட்டும், உழைத்து உயர்ந்தவர்தாம். ஆயின் 1862இல் தோன்றிய மன்றத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து ஒருவர், ஏ. வரதராசன், நீதிபதியாக அமர 1973 வரை ஆயிற்றே! நூற்றுப் பதினோரு ஆண்டுகள். அந்த எண்ணைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது நடை. வியப்பில்லை, மன்றத்தின் நடையும் அதுதானே! தாம்பரத்து நீதிமன்றத்திலே தமிழில் சாட்சி சொன்னவர், மேல்முறையீட்டுக்கு இங்கு வந்ததும், தம் வழக்கைப் பற்றித் தம் எதிரிலேயே என்ன பேசப்படுகிறது என்று அறியாமல் பின்வரிசையில் விழிக்கிறார். இராசசுத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இசைவு உண்டு. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. அதே வழியில் தமிழையும் விடுங்கள் என்று 2006இல் நமது சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. கதவு திறக்கவில்லை. இந்திக்கு அகன்ற வழி தமிழுக்கு மட்டும் ஏன் குறுகிற்று?

பாரி முனையில் நடை முடிந்தது. கேள்வி உண்டா என்றார் வழிகாட்டி. சேலையூர் இளைஞர் தமிழில் கேட்டார்: "ஐயா, என் பாட்டியின் திருமணம் செல்லாது என்று சொன்ன அறை இந்தக் கட்டடத்தில் எது?" அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார், இரண்டு முறை புரட்டினார். "அது என் குறிப்பில் இல்லையே, தம்பி," என்றார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நமக்குத் தோன்றிற்று.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கோட்டை நிலைய வாயிலில் நிற்போம். தமிழில் நடப்போம், தம்புச்செட்டித் தெருவில் தொடங்குவோம். கட்டணம் இல்லை. வழிகாட்டியையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.