எல்லைக் கல்லும் பங்கீட்டுப் பட்டியலும்

அம்பாறைக் கரையோர ஊர்களின் பெயர்களை ஊன்றிக் கேட்பவர்க்கு அவற்றிலே ஒரு பழைய நிலத்திட்டம் புலப்படும். வரிப்பத்தான்சேனை, அட்டாளைச்சேனை என்று ‘சேனை’யில் முடிவன மேட்டு நிலத்தைக் குறிக்கும், ‘வட்டை’ என்று வழங்குவன வயற்பரப்புகள். மேட்டிலே மனை, பள்ளத்திலே நெல் என்பது எழுதாச் சட்டமாக நின்றது. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு 1978இல் சட்டம் இயற்றப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே, எங்கே வீடு எழலாம், எங்கே எழலாகாது என்பதை இம்மக்கள் அறிந்திருந்தனர்.

இன்று அந்த ஒழுங்கு நெருக்கடிக்குள்ளாகியிருக்கிறது. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் நடுவே ஒரு நாடாவைப் போலக் கிடக்கின்றன. நாடாவின் அகலம் கூடுவதில்லை, குடும்பங்களோ பெருகுகின்றன. அதிலும் இப்பகுதியின் வழக்கம் ஒன்றை வெளியூரார் எளிதில் உணர்வதில்லை. இங்கே மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணைப் பெற்றவர் வீடு கொடுக்கிறார். மூன்று பெண்மக்களைப் பெற்ற வாப்பா மூன்று வீடு கட்டக் கடமைப்பட்டவர். வளவு மூன்றாகிறது, அடுத்த தலைமுறையில் ஒன்பதாகிறது. கிணற்றுக்கும் சுவருக்கும் இடையில் ஆள் நடக்க வழியில்லாத வளவுகள் உண்டு. சீதனத்தின் நன்மை தீமை வேறு விவாதம். அதனை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்வோம். வீட்டுத் தேவையைக் கணக்கிடுபவர் இவ்வழக்கத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும் என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை. அதன்பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குக் கரையிலே வீடு கட்டலாகாது என்று அரசு எல்லை வகுத்தது. ஓரிரு ஆண்டுகளில் அது தளர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் மருதமுனையில் ஒரு குடியேற்றத்துக்கு ‘65 மீற்றர் வீட்டுத் திட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அளவுகோலே ஊர்ப்பெயராகும் விந்தையைப் பாருங்கள்! மேற்கிலோ, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்பலாகாது என்கிறது.

இவ்விரு தடைகளையும் நாம் குறை கூறவில்லை. வயலை நிரப்பினால் மாரிமழை வெள்ளம் போக்கிடமின்றி வாசற்படி ஏறும். கரையிலே கட்டினால் கடல் கொள்ளும். ஆனால் ‘ஆகாது’ என்று இருபுறமும் கல் நட்டவர், ‘இங்கே ஆகும்’ என்று ஓர் இடத்தையேனும் காட்டக் கடமைப்பட்டவர் அல்லரோ? காட்டாவிடின், செல்வாக்குள்ளவன் அனுமதி பெறுவான். இல்லாதவன் இரவோடிரவாகக் கிரவல் கொட்டுவான்.

இடம் காட்டியபோதும் பங்கீடு எவ்வாறு முடிந்தது என்பதற்கு அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை சான்று. (புத்தளத்து அனல்மின் நிலைய நுரைச்சோலை வேறு.) கடற்கோளில் வீடிழந்த முஸ்லிம்களுக்கெனச் சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் எழுந்தன. வழக்கு எழுந்தது. அரச காணியிலுள்ள வீடுகளை நாட்டின் இன விகிதாசாரத்தை நோக்கியே பகிரவேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக அவ்வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. முற்றத்திலே காடு மண்டியது.

அரச காணி எல்லார்க்கும் பொது என்பது மறுக்கவொண்ணாக் கொள்கை. சிங்கப்பூரிலும் 1989 முதல் அரசாங்க அடுக்குமாடிகளில் இன விகிதாசாரம் பேணப்படுகிறது. ஆனால் அங்கே மக்களுட் பெரும்பாலோர் குடியிருப்பது அரசு கட்டிய வீடுகளிலேயே. ஓரிடத்தில் கிடைக்காதவர்க்கு வேறிடத்தில் வீடு உண்டு. நுரைச்சோலையோ இழந்தவர்க்கு ஈடாக எழுந்த ஒரு தனித் திட்டம். ஈட்டுக்கு அளவுகோல் இழப்பேயன்றித் தலைக்கணக்கு அன்று. அம்மாவட்டக் கரையில் வீடிழந்த முஸ்லிமுக்கும் தமிழனுக்கும் சிங்களவனுக்கும் இழப்பின் அளவிலேயே பங்கு வகுத்திருக்கலாம். பூட்டிய கதவால் எந்த இனத்துக்கு என்ன பங்கு கிடைத்தது?

பங்கீட்டிலே இன்னுமொரு குறையும் உண்டு. அரச காணிக் குடியேற்றங்களுக்கு அடிப்படையான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு நிரலில் மகளுக்கு முன்னே மகனை வைத்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான். வீடு பெண்ணுடையது என்று வாழும் ஊரிலே, ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரை மட்டும் எழுதிப் பத்திரம் கொடுத்தால், உம்மா வழியாக மகளுக்கு வந்த உடைமை ஒரே கையெழுத்தில் கைமாறிப் போகிறது.

கரையிலே இடம் சுருங்கச் சுருங்கக் கண்கள் மேற்கே, இறக்காமத்துப் பக்கம் திரும்புவது இயல்பு. வரிப்பத்தான்சேனையின் மேட்டு நிலத்துக்கு விலை ஏறுமுன்னரே, குளத்துக்கும் வயலுக்கும் விடவேண்டியது எவ்வளவு, மனைக்கு உரியது எவ்வளவு என்று பிரதேச சபை வரைபடம் கீறட்டும். மனை பெறுவோர் பட்டியலைச் சபை வாசலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு மாதத் தவணையும் கொடுக்கட்டும். பத்திரத்திலே மனைவியின் பெயரும் இருக்கட்டும்.