கணினியின் ஊகமும் மரபணு அறிக்கையும்

மரபணுப் பரிசோதனை அறிக்கையைப் பெறும் குடும்பங்கள் பலவற்றைக் கலங்கச் செய்வது அதில் காணப்படும் ஒரு வரி: 'பொருள் உறுதியாகாத மாற்றம்'. அதன் கீழே, 'கணினிக் கணிப்பின்படி தீங்கானது' என்றும் இருந்துவிட்டால் உறக்கம் தொலைகிறது. அந்த இரண்டாவது வரிக்கு நாம் தகுதிக்கு மீறிய மதிப்பளிக்கிறோம் என்பது என் கருத்து.

அக்கணிப்பு எவ்வாறு பிறக்கிறது? புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலி. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் சங்கிலியில் ஒரு கண்ணி மாறக்கூடும். குரங்கு, எலி, கோழி, மீன் ஆகியவற்றிலுள்ள அதே புரதத்தின் வரிசைகளைக் கணினி அருகருகே வைத்து ஒப்பிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக எவ்வுயிரிலும் மாறாது நின்ற இடத்தில் மாற்றம் நேர்ந்திருந்தால், அது தீங்கு செய்யும் என ஊகிக்கிறது. கூரிய ஊகம்தான், ஆயினும் நோயாளியை அது கண்டதில்லை.

2023இல் வெளிவந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி, மனிதப் புரதங்களில் நிகழக்கூடிய ஏறத்தாழ 7.1 கோடி ஒற்றை அமினோ அமில மாற்றங்களை மதிப்பிட்டது. வியத்தகு பணி! அதுவும்கூட 11 விழுக்காட்டு மாற்றங்களில் முடிவு கூறாது விட்டது. ஆய்வகங்கள் பின்பற்றும் 2015ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் கணினிக் கணிப்பைத் துணைச் சான்றாகவே ஏற்றது. பின்னர் சில கருவிகளுக்குக் கூடுதல் எடை தரப்பட்டபோதும், கணிப்பு ஒன்றே தீர்ப்பாகிவிடுவதில்லை. நோயுற்ற உறவினரிடம் அம்மாற்றம் உள்ளதா, நலமாயிருக்கும் முதியோரிடமும் உள்ளதா என்று இரத்த மாதிரிகளைச் சோதிப்பது பல வேளைகளில் அதனினும் பயன் தரும்.

நமக்கு இன்னுமொரு இடர் உண்டு. உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய மரபினரின் தரவே மிகுதி. நம்மவரிடையே பரவலாக உள்ள மாற்றம் அங்கே அரிதாகத் தோன்றி, வீண் ஐயத்துக்கு உள்ளாகலாம். 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டம் இக்குறையை ஓரளவு போக்கும்.

ஆகவே, உறுதியாகாத மாற்றத்தை மட்டும் நம்பி மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்ற முடிவெடுத்தல் தகாது. குடும்ப வரலாறு வேறு காரணம் தருமாயின், அதை மருத்துவரிடம் தனியே பேச வேண்டும். இத்தகைய மாற்றங்களுள் பின்னர் மறுவகைப்படுத்தப்படுபவற்றிற் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. அச்செய்தியை நோயாளிக்குத் தெரிவிக்கும் பொறுப்பை ஆய்வகமும் மருத்துவமனையும் ஏற்றல் வேண்டும். அந்நடைமுறை நிலைபெறும் வரை, அறிக்கையின் படியைப் பத்திரப்படுத்துங்கள். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மரபியல் ஆலோசகரிடம் மறுமதிப்பீடு கேளுங்கள். தொலைபேசி எண் மாறினால் மறவாது தெரிவியுங்கள்.