விசுவாசம் இருந்தா கஷ்டமே வராதா?

போன மாசம் இங்கே மைசூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். எல்லாம் நம்மூர்க் குடும்பங்கள். பேச வந்த ஊழியக்காரர் கேட்டார்: "வியாதி தீரலையா? வேலை போச்சா? அப்ப உங்க விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கு!"

முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ். நானோ வாயைத் திறக்காமல், கொடுத்த கேசரியைத் தின்றுவிட்டு வந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஐயா, பக்கத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணம். 1784-இல் திப்பு சுல்தான், ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்டு, மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து அங்கே நடத்தி வந்தார். 30,000 பேர் முதல் 80,000 பேர் வரை ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். வழியிலும் சிறையிலும் செத்தவர்கள் ஏராளம். மீதிப் பேருக்கு விடுதலை 1799-இல், திப்பு விழுந்த பிறகுதான். பதினைந்து வருஷம்! அத்தனை பேர் விசுவாசத்திலும் ஓட்டையா?

(இதைச் சாக்காக வைத்து பக்கத்து வீட்டு பாயை முறைக்கக் கிளம்பாதீர்கள். ஒரு அரசன் போர்க்காலத்தில் செய்ததற்கு அவர் பொறுப்பில்லை.)

பிறகு வந்தார் துபுவா பாதிரியார், பிரெஞ்சுக்காரர். சிதறிய சபையைத் திரட்டினார், விவசாயக் குடியிருப்புகள் அமைத்தார், அம்மைத் தடுப்பூசியைப் பரப்பினார். 1823-இல் ஊர் திரும்பியவர், இந்தியாவில் மதமாற்ற வேலை பலிக்காது என்றே எழுதினார். மனம் சோர்ந்த மனுஷன்தான். ஆனாலும் முப்பது வருஷம் வேலையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. நிலைத்திருப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்.

"வேதத்தில் சுகமான கதைகள் இல்லையா?" என்பீர்கள். உண்டு. பவுல் மூன்று தரம் கேட்டும் எடுபடாத முள்ளும் அதே வேதத்தில்தான் உண்டு. யோபுவிடம் "நீ ஏதோ தப்பு செஞ்சிருப்பே" என்று சொன்ன சிநேகிதர்களைக் கடைசியில் கடவுளே கோபித்துக்கொண்டார். நம் மேடைகளில் பேசுவது யோபுவா, அந்தச் சிநேகிதர்களா?

சொந்தபந்தம் எல்லாம் ஊரில். இங்கே நமக்கு நாம்தான். அந்த அக்காவுக்கு வேண்டியது ஓட்டை பார்க்கிற ஆள் இல்லை, வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிற ஆள். வியாழக்கிழமை என் முறை. மற்ற நாளுக்கு யார் வருகிறீர்கள்?