எரிவாயு ஆலைக்குத் தீனி எங்கே?

‘சாடாட்’ என்ற பெயரில் மத்திய அரசு 2018 அக்டோபரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கழிவிலிருந்து வாகனங்களுக்கான உயிரிவாயு எடுக்க 5,000 ஆலைகள், ஆண்டுக்கு 1.5 கோடி டன் வாயு, கெடு 2023-24 என்று அறிவித்தார்கள். நாடு முழுக்க ஓராண்டில் எரியும் சமையல் எரிவாயுவே ஏறத்தாழ 3 கோடி டன்தான். அதிலும் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. அப்படிப் பார்த்தால் இலக்கு பெரிது. கெடு முடிந்தபோது திட்டத்தின் கீழ் ஓடிய ஆலைகள் நூறைக்கூடத் தொடவில்லை.

தொழில்நுட்பத்தின் மேல் பழி போட முடியாது. மும்பை மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினார்கள். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்த வாயுவைக் கக்குகின்றன. அதைச் சுத்திகரித்து அழுத்தினால் சிஎன்ஜி வண்டியில் அப்படியே நிரப்பலாம். நம் ஊர்களின் கோபர் கேஸ் கலன்களில் நடந்ததும் இதே வேலைதான். அவற்றில் பல இன்று தூர்ந்து கிடக்கின்றன. மாடுகள் குறைந்தன, தினமும் சாணம் கரைத்து ஊற்ற ஆளில்லை, சிலிண்டரோ வாசலுக்கே வந்துவிட்டது.

சிக்கலெல்லாம் தீனியில்தான்.

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் நாளொன்றுக்கு 15 டன் வாயு தயாரிக்கும் திறனுள்ள ஆலை எழுந்தது தற்செயல் அல்ல. சுற்றிலும் முட்டைக் கோழிப் பண்ணைகள். எச்சம் ஒரே இடத்தில், ஒரே தரத்தில், பிளாஸ்டிக் கலக்காமல் குவிகிறது. அதிலும் சங்கடம் உண்டு: கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி, அமோனியா கூடினால் நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். வேறு கழிவுகளையும் அளவாகச் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் பலவும், முன்பு ஓடையில் விட்டு ஊரை நாறவைத்த கழிவுநீரிலிருந்து வாயு எடுத்துத் தங்கள் வேலைக்கே பயன்படுத்துகின்றன. எவரும் பெரிதாகப் பேசாத வெற்றி இது.

நகரத்துக் குப்பையில் இந்த ஒழுங்கு கிடையாது. பாலித்தீன் மேலே மிதந்து ஏடு கட்டும். மணலும் கண்ணாடித் துண்டும் அடியில் தங்கி, தொட்டியின் கொள்ளளவைத் தின்றுவிடும். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை, நாளொன்றுக்கு 550 டன் மட்கும் குப்பையிலிருந்து 17 டன் வாயு எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. நகரப் பேருந்துகள் அந்த வாயுவில் ஓடுகின்றன. ஆனால் ஆலைக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தூர் வீட்டு வாசலில் குப்பையைப் பிரித்து வாங்கப் பழகிவிட்டது. சென்னை கோயம்பேட்டிலும் 30 டன் காய்கறிக் கழிவுக்கென ஓர் ஆலை கட்டினார்கள்; நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று பக்கத்திலேயே இருந்தும் அதன் ஓட்டம் நிலைக்கவில்லை.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கின. இன்றும் பல தெருக்களில், இல்லத்தரசி இரண்டு வாளிகளில் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலக்கிறார்கள். ஆலைக்கு ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார்; இரண்டு வாளிக்கு யார் வருவார்?

அரசின் பணமும் கட்டடத்தையே தேடிப் போகிறது. நாளொன்றுக்கு 4.8 டன் வாயு தரும் ஆலைக்கு 4 கோடி ரூபாய் மத்திய உதவி. அது திறனைக் கணக்கிட்டுத் தருவது. அதில் ஒரு பங்கையாவது, பிரித்து வந்து சேரும் ஒவ்வொரு டன் சுத்தமான கழிவுக்கும் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம். தூய்மைப் பணியாளரின் கூலியில் அது தெரிய வேண்டும்.

வாயு எடுத்தபின் மிஞ்சும் கழிவுக் குழம்பு இன்னொரு தலைவலி. நல்ல உரம்தான். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266.50 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ஈரமும் பாரமுமான குழம்பை விவசாயி ஏன் வண்டி வைத்து ஏற்றிச் செல்வார்? இந்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையை 2023-ல் அறிவித்தார்கள். வண்டி வாடகையையும் சேர்த்தால்தான் கணக்கு உதைக்காது.

சிஎன்ஜியிலும் குழாய்வழிச் சமையல் வாயுவிலும் 2028-29 முதல் 5 சதவீதம் உயிரிவாயு கலக்க வேண்டும் என்பது அரசின் முடிவு. வாங்க ஆள் உறுதியாகிவிட்டது. வாசலில் இரண்டு வாளி, வண்டியில் இரண்டு அறை, உரத்துக்கு ஒரு லாரி ஆகியவற்றுக்கு அடுத்த நிதிநிலை அறிக்கையில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.