டெக் திண்ணை: ஒரே லேப்டாப்பில் அப்பாவின் கணக்கும் மகளின் லினக்ஸும்!

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது ஒரே ஒரு லேப்டாப். பகலில் அப்பா கடைக் கணக்கையும் ஜி.எஸ்.டி ரிட்டர்னையும் அதில்தான் பார்க்கிறார். மூத்த மகளின் கல்யாண போட்டோக்கள் மொத்தமும் அதற்குள்தான். வேறு காப்பி கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அது இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் இளைய மகளின் கைக்கு வரும். திங்கட்கிழமை லேப். "லினக்ஸ் போட்டுட்டு வாங்க" என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"என்னம்மா பண்ணப் போற? என் கணக்கு எதுவும் போயிடாதே?"

"அதெல்லாம் போகாதுப்பா..." என்கிறாள் மகள். அவளுக்கே அது உறுதியாகத் தெரியாது.

அப்பாவின் பயம் நியாயமானதுதான். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே லினக்ஸையும் நேரடியாகப் போடுவதற்கு 'டூயல் பூட்' என்று பெயர். உபுண்டுவை அப்படிப் போடும்போது நடுவில் ஒரு கட்டம் வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் போடட்டுமா, டிஸ்க்கையே அழித்துவிட்டுப் போடட்டுமா என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் இரண்டாவதைத் தட்டி, அடுத்தடுத்து ஓகே கொடுத்தால் கணக்கும் போச்சு, கல்யாணமும் போச்சு.

கை தவறுவது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதல்ல. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே அது நடந்தது. மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்கு டயல் செய்யப் போனவர், அந்தக் கட்டளையைத் தவறுதலாகத் தன் ஹார்டு டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டார். அதுவரை அவர் பயன்படுத்திய மினிக்ஸ் சிஸ்டம் காலி. சரி, இனி லினக்ஸே போதும் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். ஜி.எஸ்.டி கணக்கு வைத்திருப்பவர் அப்படி எளிதாக முடிவெடுக்க முடியாது!

இங்கேதான் 'வெர்ச்சுவல் மெஷின்' கைகொடுக்கிறது. விண்டோஸுக்குள் ஒரு சாஃப்ட்வேர், அந்த சாஃப்ட்வேருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். அதன் ஹார்டு டிஸ்க் என்பது விண்டோஸில் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். இதிலும் உபுண்டு போடும்போது அதே கேள்வி வரும்: 'டிஸ்க்கை அழிக்கட்டுமா?' பயந்துபோய் கேன்சல் செய்யத் தோன்றும். தேவையில்லை. அழியப்போவது அந்த ஃபைலுக்குள் இருக்கும் காலி இடம் மட்டுமே. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் பட்டியலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். யுனிக்ஸ் கட்டளைகளும் ஷெல் புரோகிராமும் ஆரம்பத்திலேயே வந்துவிடும். வி.எம்வேர் கொண்டு லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும் பயிற்சியோ பட்டியலின் கடைசியில் இருக்கிறது. வீட்டில் பழகிப்பார்க்க நினைப்பவர் கடைசிப் பாடத்தை முதல் வாரமே படித்தாக வேண்டும்.

வி.எம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 முதல் இலவசம். ஆனால் டவுன்லோடு செய்யத் தனியாக அக்கவுன்ட் தொடங்க வேண்டும். ஆரக்கிளின் வெர்ச்சுவல்பாக்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. கல்லூரி குறிப்பிட்டு எதுவும் சொல்லாதவரை வெர்ச்சுவல்பாக்ஸே போதும்.

உபுண்டு 24.04-ன் ஃபைல் 5 ஜிபி-க்கு மேல். தினசரி 2 ஜிபி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இது சாத்தியமில்லை. வகுப்பில் வைஃபை இருக்கும் ஒருவர் இறக்கி, மற்றவர்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்வதே நடக்கிற காரியம். இன்னொரு விஷயம், அந்த உபுண்டு 4 ஜிபி ராமும் 25 ஜிபி இடமும் எதிர்பார்க்கும். லேப்டாப்பில் இருப்பதே 8 ஜிபி ராம்தான் என்றால், பாதியைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் மூச்சுத் திணறும். அதே குடும்பத்தைச் சேர்ந்த லுபுண்டு, ஜுபுண்டு இரண்டும் இலகுவானவை, 2 அல்லது 3 ஜிபி-யில் ஓடிவிடும். லேப் கட்டளைகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அழகு குறைவு என்பதற்காக யாரும் மார்க் குறைக்கப்போவதில்லை.

எல்லாம் செய்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், சில லேப்டாப்களில் எரர் வரும். சிப்பிலேயே இருக்கும் வெர்ச்சுவலைசேஷன் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சி.பி.யு-வைத் தட்டினால், அது ஆனா ஆஃபா என்று தெரிந்துவிடும். ஆஃப் என்றால் பயாஸுக்குள் போய் ஆன் செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு நிமிடம் நிற்பது நல்லது. இந்த முறையில் அப்பாவின் கணக்குக்கு ஆபத்து வர வாய்ப்புள்ள இடம் இது ஒன்றுதான். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் 'பிட்லாக்கர்' வகைப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் கை வைத்ததும் சிஸ்டம் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அந்த கீ பெரும்பாலும் லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். செட்டப் செய்தது யார்? அப்பாவா, அண்ணனா, கடைக்காரப் பையனா? அவர் எந்த இமெயிலைப் போட்டார்? இதற்குப் பதில் தெரிந்து, கீயை ஒரு நோட்டில் எழுதிவைத்த பிறகே பயாஸ் பக்கம் போக வேண்டும். கல்யாண போட்டோக்களை வெளியே ஒரு காப்பி எடுத்து வைப்பதையும் அன்றைக்கே முடித்துவிடலாம்.

அடுத்து, கொஞ்சம் எரிச்சலூட்டும் ஒரு பொறி. வெர்ச்சுவல்பாக்ஸ், 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' என்று எல்லாவற்றையும் தானே செய்து தர முன்வரும். அதற்கு விட்டுவிட்டால், அது உருவாக்கும் யூசருக்குப் பல நேரங்களில் 'சூடோ' அதிகாரம் இருக்காது. சி புரோகிராமுக்கான கம்பைலரைக்கூட இன்ஸ்டால் செய்ய முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. அந்த வசதியைத் தவிர்த்துவிட்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் கையாலேயே கொடுப்பது மேல்.

ராம் 4 ஜிபி-தான் என்றால்? வி.எம்-க்கு அடம்பிடிக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட்டே தரும் 'டபிள்யூ.எஸ்.எல்' இருக்கிறது. லினக்ஸ் டெர்மினல் கிடைக்கும். கட்டளை, ஷெல், சி புரோகிராம் எல்லாம் அதில் ஓடும். இன்ஸ்டலேஷன் பயிற்சியை மட்டும் கல்லூரி லேபில் முடித்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக ஓடியதும் மகள் செய்ய வேண்டிய முதல் வேலை, 'ஸ்நாப்ஷாட்' எடுப்பது. பிறகு எதைச் சொதப்பினாலும் ஒரு கிளிக்கில் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அதுவும் அதே லேப்டாப்பில்தான் இருக்கிறது என்பதால், எழுதிய புரோகிராம்களைப் பென் டிரைவிலோ இமெயிலிலோ தனியாக வைக்க வேண்டும்.

செமஸ்டர் முடிந்து, "இடமே இல்லையேம்மா" என்று அப்பா சொல்லும்போது, வெர்ச்சுவல்பாக்ஸில் அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுத்து, ஃபைல்களையும் சேர்த்து நீக்கச் சொன்னால் போதும். லினக்ஸ் போய்விடும். கணக்கு அங்கேயே இருக்கும்.